கூடம் கோணல்

டிரைவர் சரியில்லை என்று நேற்று சாயங்காலம் பியூலா போனில் சொன்னது பொய்யில்லை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பி ஜெயசிங், காலையில் குல்லாவும் மஃப்ளருமாகக் கார் ஷெட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "எங்கக்கா அவன்? வரட்டும், நான் ரெண்டு வார்த்த கேக்கேன்" என்று ஆரம்பித்ததுதான் கூத்து. எவன்? யார் வரட்டும்? அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. "அதாங்க்கா, உன் டிரைவரு. ஒரு நாள் நேரா போறான், மறுநாள் காட்டுக்குள்ள கொண்டு விட்டுருதான்னு சொன்னியே. குடிப்பானோ?" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் கார் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. எந்த டிரைவர்? முப்பது வருஷத்துக்கு மேல் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று, கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இந்த மலையில் தனியாக வீடு வாங்கிக் குடியேறியவள் அவள். அவள் காரின் ஸ்டியரிங்கை அவளைத் தவிர ஒருத்தர் தொட்டதில்லை. அவள் சொன்னது கோல்ஃப் மட்டையை. பையில் இருக்கும் மட்டைகளிலேயே நீளமானது, தலை பெருத்தது, ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்க எடுப்பது, பந்தை வெகுதூரம் அனுப்புவது. அதற்குப் பெயர்தான் டிரைவர். அதை அவன் இவன் என்று பேசுவது அவள் பழக்கம், கூடவே வாழ்கிற ஆம்பிளை அது ஒன்றுதான் என்று ஆட்டக் கூட்டாளி போஜராஜ் கேலி செய்வார். மட்டை என்று தெரிந்ததும் ஜெயசிங்குக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம், அக்காவுக்காகச் சண்டை போட ஆசையாக வந்தவன். "மட்டைய போயி யாராவது டிரைவருன்னு சொல்லுவாங்களா" என்று மைதானத்துக்கு வரும் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஆனால் சிரிப்பு கார் ஷெட்டோடு சரி. இன்றைக்கு விஷயம் சிரிப்பு விஷயமில்லை. ஜெயசிங் சும்மா பார்த்துவிட்டுப் போக வரவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தவன், வந்த களைப்பு தீரும் முன்னே ஆரம்பித்துவிட்டான். "மாடி ரூம் காலியாத்தான்க்கா கெடக்கு. வெள்ளையடிச்சாச்சு. பாத்ரூம்ல செவத்தோட சேத்துக் கம்பியெல்லாம் போட்டாச்சு, புடிச்சிக்கிட." கம்பி! கம்பி எண்ணத்தான் கூப்பிடுகிறான். வெள்ளையடித்த அறை, பிடித்துக்கொள்ளக் கம்பி, வேளாவேளைக்குச் சோறு, கூப்பிட்ட குரலுக்குத் தம்பி பெண்டாட்டி சுகிர்தா; இதற்கு ஜெயில் என்றல்லாமல் வேறென்ன பெயர்? எப்படி மோப்பம் பிடித்தான் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. கையைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. வலது கை. ஒன்றும் பெரிதாக இல்லை, சும்மா வைத்திருந்தால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு எதையோ உருட்டுகிற மாதிரி ஒரு ஆட்டம். மாத்திரை உருட்டுவது என்று நர்ஸிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயரும் சொன்னார்கள், பார்க்கின்சன். அவள் டாக்டரிடம் போகவில்லை. போனால் அந்தப் பெயரை எடுத்து அவளுக்கு வைத்துவிடுவார்கள், ஒருதரம் வைத்த பெயர் அப்புறம் போகாது. போனில் குரல் காட்டிக்கொடுத்திருக்குமோ? நேற்று மாலை காபி ஊற்றும்போது பார்த்திருப்பானோ? இல்லையே, கம்பி அதற்கு முன்னாலேயே போட்டாகிவிட்டதே. எப்படியோ தெரிந்திருக்கிறது. சரி, பார்க்கட்டும். ஒன்பது குழியும் அவள் மட்டைப் பை வைத்த வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு நடப்பதை அவன் பார்க்கட்டும், ஒன்பதாவதில் ஓடைக்கு மேலே டிரைவரால் ஒரே அடியில் பந்தை அக்கரை சேர்ப்பதைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வண்டி ஏறட்டும் என்று தீர்மானித்துத்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தீர்மானித்தால் ஆயிற்றா? முதல் குழியிலேயே டிரைவர் தன் குணத்தைக் காட்டிவிட்டான். அவள் தன் கையால் பின்னிப் போட்ட கம்பளி உறையைக் கழற்றினாள், நின்றாள், மூச்சு விட்டாள், தோள் திரும்ப மறுத்தது, மறுத்த தோளை இழுத்து வீசினாள், பந்து நல்ல பிள்ளையாகக் கிளம்பிப் பாதி வழியில் புத்தி மாறி வலப்பக்கம் திரும்பி யூகலிப்டஸ் மரங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. போச்சு. முதல் அடியிலேயே போச்சு. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தால் ஜெயசிங் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். "யம்மாடி! எவ்ளோ தூரம்! சபாஷ்க்கா!" என்று இடது கையால் தொடையில் தட்டுகிறான். அவளுக்கு உயிர் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. பரீட்சை வைக்க வந்தவனுக்குப் பாடமே தெரியாது! மரத்துக்குள் போன பந்தும் அவனுக்குச் சபாஷ், குழிக்குள் போனாலும் சபாஷ். இவனிடம் பாஸானால் என்ன, பெயிலானால் என்ன? ஆனால் போஜராஜுக்குத் தெரியும். கூட ஆடுகிற போஜராஜ் இந்த மலைக்காரர், தேயிலைத் தோட்டம் உள்ளவர், இருபது வருஷமாக அவளோடு ஆடுகிறவர். அவர் தன் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த மாதிரி அடிக்கு ஒரு கேலி உண்டு. இன்றைக்கு இல்லை. கேலி செய்யாத போஜராஜைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "டிரைவர்தான் சரியில்ல, தலை லூசாயிருக்கு" என்று யாரும் கேட்காமலேயே சத்தமாகச் சொன்னாள். யார் தலை லூசு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அதை அதட்டி உட்காரவைத்தாள்.

நடக்கும்போது பரவாயில்லை. நடக்கும்போது கை தள்ளுவண்டியின் பிடியில் இருக்கிறது, பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் கை அடங்கிவிடும், வேலை கொடுத்தால் அடங்கும், சும்மா இருந்தால் ஆடும். வேலையில்லாத மருமகன் மாதிரி. வண்டி இல்லாவிட்டால் வலது கை வீசாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், இடது கை அணிவகுப்பில் போகிற மாதிரி வீசுகிறது, வலது கை பக்கத்தில் தொங்குகிறது. அன்றைக்கே வண்டி தள்ள ஆரம்பித்துவிட்டாள், இடுப்பு வலி என்று ஊருக்குச் சொல்லி. கீழே பள்ளத்தில் தேயிலை ஃபேக்டரி புகைந்துகொண்டிருந்தது. "வாசம் எப்படித் தூக்குது பாருங்க, இன்னிக்கு நல்ல இலை" என்றார் போஜராஜ், ஜெயசிங்கைப் பார்த்து. ஜெயசிங் தலையாட்டினான், பியூலாவும் தலையாட்டினாள். அவளுக்கு வாசம் எதுவும் தெரியவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே தெரியவில்லை, கையைப் பிடித்ததே மூக்கையும் பிடித்திருக்கிறது. இந்த மலைக்கு அவள் வந்து விழுந்ததே அந்த வறுத்த இலை வாசத்துக்குத்தான், அதை யாரோ வந்து துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் ரொட்டி கருகிப் புகை வந்த பிறகுதான் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்த ஜெயசிங்காவது சொல்லியிருக்கலாம், அவனுக்குப் பேச்சு வந்துவிட்டால் வீடு எரிந்தாலும் தெரியாது. ஹெட்மாஸ்டராக இருந்தவன் இல்லையா. இப்போதும் போஜராஜிடம் பாளையங்கோட்டை வெயிலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே பின்னால் வந்தான், வலது கையைக் கோட்டுப் பைக்குள் ஆழ விட்டுக்கொண்டு. "என்னா குளிரு, என்னா குளிரு" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டான்.

குளிரு. அந்தச் சொல் அவளை எங்கேயோ கொண்டுபோய் இடித்தது. குளிரு என்று சொன்னது அம்மா. ஊரில், நாசரேத் பக்கத்துச் சின்னக் கோயிலில் அப்பா வேதம் போதிக்கிற உபதேசியார். முன்வரிசையில் வலது கையை வேதாகமத்துக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை ஆடும், வேதாகமமும் சேர்ந்து ஆடும். என்னம்மா அப்பாவுக்கு என்று கேட்டால், "குளிருட்டி, அப்பாவுக்குக் குளிரு" என்பாள் அம்மா. நாசரேத்தில்! சித்திரை மாசத்தில்! தேரிக்காட்டுச் செம்மணல் கொதிக்கிற வெயிலில் அப்பாவுக்கு மட்டும் குளிர்! வீட்டில் எல்லோரும் அதை நம்பினார்கள், அல்லது நம்புகிற மாதிரி நடந்துகொண்டார்கள், இரண்டும் ஒன்றுதான். அப்புறம் பெரிய பாதிரியார் சேகரகுரு வந்து, ஐயா நீங்க ஓய்வெடுத்துக்கிடுங்க என்று தேன் ஒழுகப் பேசிவிட்டுப் போனார், அன்றிலிருந்து அப்பா கோயிலுக்கே போகவில்லை. கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கை நடுங்குகிறது என்கிற வார்த்தையை அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. கல்லறைக்குக் கொண்டுபோகும் வரை சொன்னதில்லை. அவள் அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள், பெயர் தெரிந்த பிறகும் லீவில் வந்தபோது அவளும், குளிராப்பா, கம்பளி வாங்கியாரட்டா என்றுதான் கேட்டாள். இந்தக் குடும்பத்துக்கு ஒரு சொல் போதும், அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனையே மூடிவிடுவார்கள். மாடி ரூமிலும் அதுதான் நடக்கும். மதினிக்குக் குளிரு என்று சுகிர்தா வருகிறவர்களிடம் சொல்லுவாள், பாளையங்கோட்டை வெயிலில். மாட்டேன். செத்தாலும் மாட்டேன். அடுத்த பந்தை எங்கே வைத்தாள், எப்படி அடித்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை, இந்தத் தடவை பந்து இடப்பக்கம் முள்ளுக்குள் போனது, ஜெயசிங் தொடையில் தட்டினான்.

அஞ்சாவது குழியில் போஜராஜால் பொறுக்க முடியவில்லை. கிட்டத்தில் வந்து, தம்பிக்குக் கேட்காத குரலில், "மேடம், நான் சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. டிரைவரை உள்ள வெச்சிருங்க. அஞ்சாம் நம்பர் அயர்ன் மட்டையை எடுங்க. தூரம் கம்மிதான், ஆனா நேரா போகும். ஒன்பதாவதுல ஓடைக்கு இந்தப் பக்கமே ஒரு அடி அடிச்சு நிறுத்திட்டு, அடுத்ததுல தாண்டிக்கலாம்" என்றார். எல்லாம் நியாயம்தான். ஊரில் நியாயத்துக்கா பஞ்சம்? நேராகப் போ, கொஞ்சமாகப் போ, ஓடைக்கு இந்தப் பக்கமே நில்; கம்பியைப் பிடித்துக்கொண்டு குளி; மாடியிலிருந்து இறங்காதே. எல்லாம் ஒரே நியாயம்தான், கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள். "டிரைவர்தான் கோளாறு போஜராஜ். புதுசு வாங்கணும்" என்றாள் விறைப்பாக. அவருக்கு அப்போதுதான் பழைய கேலி திரும்பி வந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கடித்துக்கொண்டது தன் நாக்கை, பட்டது அவளுக்கு. ஆடத் தெரியாதவளா? யார்? ஜோத்பூரில் புல் ஒரு பொட்டு இல்லாத மணல் மைதானத்தில், எண்ணெய் ஊற்றி இறுக்கிய மண்ணில் ஆடக் கற்றுக்கொண்டவள் அவள். கர்னல்மார் ஐந்து பேர் வரிசையாக நின்று, சிஸ்டர் அடிங்க பார்ப்போம் என்று மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தபோது அவர்கள் பந்துகளுக்கெல்லாம் அப்பால் தன் பந்தைக் கொண்டுபோய்ப் போட்டவள். குண்டடி பட்டு வந்த பையன்களுக்கு ஜெனரேட்டரும் நின்றுபோன இருட்டில் விரலாலேயே நரம்பைத் தேடி ஊசி ஏற்றியவள். ஆடத் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றால் ஊர் சிரிக்கும். ஆடத் தெரிந்தவளுக்குக் கூடமே கோணலாகிப்போனால் யாராவது ஏதாவது சொல்லி வைத்திருக்கிறார்களா? இல்லை. அந்தப் பழமொழியைச் சொன்னவனுக்கு அது நடக்கவில்லை போலிருக்கிறது. கூடம் கோணல், கூடம் கோணல் என்று தள்ளுவண்டிச் சக்கரம் புல்லில் சொல்லிக்கொண்டே வந்தது, ஏழாவது குழியிலும் டிரைவரைத்தான் எடுத்தாள், எட்டாவதிலும் டிரைவரைத்தான் எடுத்தாள், பந்து போன இடத்தைச் சொல்லாமல் விடுவது நல்லது.

ஒன்பதாவது குழிக்குப் போகிற வழியை ஒரு காட்டெருமை மறித்துக்கொண்டு நின்றது. இங்கே அது வழக்கம், அதுவாக நகரும் வரை நிற்க வேண்டியதுதான், மைதானத்தில் அதற்குத்தான் முதல் மரியாதை. நின்றார்கள். நிற்பதுதான் அவளுக்கு ஆகாது. வண்டியின் பிடியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள், கட்டிய கை விலாவில் தாளம் போட்டது, வண்டியை மறுபடி பிடித்தாள். போஜராஜ் எருமை நகருகிறதா என்று பார்க்க நாலடி முன்னால் போயிருந்தார். ஜெயசிங் பக்கத்தில் வந்து நின்றான். "எக்கா, ஒண்ணு கேக்கணும்." வந்துவிட்டது. "கேளு." "நீ எத்தனயோ பேருக்குப் பாத்திருப்ப. ஆசுபத்திரில." "பாத்திருக்கேன். அதுக்கு?" "இல்ல. ஒரு ஆளுக்கு உடம்புக்கு ஆகலன்னு வையி. வீட்டுல சொல்லாம எத்தன நாளு வச்சிக்கிட முடியும்?" பார், எப்படிச் சுற்றி வளைக்கிறான்! ஹெட்மாஸ்டர் புத்தி, குற்றவாளியின் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறான். அவளுக்குக் காது சுட்டது. "ஏலே ஜெயசிங், சுத்தி வளைக்காத. எனக்கு ஒண்ணுமில்ல. உன் மாடி ரூமுக்கு நான் வரல. கம்பிய புடிச்சிக்கிட்டு நீயே குளி" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். மஃப்ளரைக் கழுத்தைச் சுற்றி இன்னொரு சுற்றுச் சுற்றினான், இடது கையால், கஷ்டப்பட்டு. "சரிக்கா" என்றான். சரி என்று இவ்வளவு சுலபமாக அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை, சின்ன வயதில் அடி வாங்கும்போதுகூடச் சொல்ல மாட்டான். அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. எருமை நகர்ந்துவிட்டது, முன்னால் ஓடை தெரிந்தது.

ஓடை ஒன்றும் பெரிய ஓடையில்லை. மேட்டில் நின்று பார்த்தால் கீழே பள்ளம், பள்ளத்தில் பாறைக்கு நடுவே தண்ணீர், அந்தப் பக்கம் பச்சையாக ஏறிப் போகிற புல், உச்சியில் கொடி. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறாள். இப்போது தாண்டித்தான் ஆக வேண்டும், ஜெயசிங்குக்கு எது நல்ல அடி எது மோசமான அடி என்று தெரியாவிட்டாலும் பந்து தண்ணீரில் விழுந்தால் சத்தம் கேட்குமே, அது எந்த ஹெட்மாஸ்டருக்கும் புரியுமே. போஜராஜ் தன் அயர்னால் நாகரிகமாக ஓடைக்கு இந்தப் பக்கமே அடித்து நிறுத்திவிட்டு, வழி காட்டிவிட்டவர் மாதிரி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவள் கம்பளி உறையைக் கழற்றினாள். பந்தை நிறுத்துகிற மரக்குச்சியை மண்ணில் குத்தினாள், அதற்கும் ஒரு வேடிக்கைப் பெயர், டீ. காலையில் முதல் குழியில், டீ எடு என்று அவள் சொன்னதற்கு ஜெயசிங் ஃபிளாஸ்க்கைத் தேடினான். குச்சியின் மேல் பந்தை வைத்தாள். பந்து விழுந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டு திரும்ப வைத்தாள், விழுந்தது. காற்றே இல்லை, கொடி துணி காயப்போட்ட மாதிரி தொங்குகிறது. ஒரு குச்சி, அதன் தலையில் ஒரு சின்னக் குழிவு, அதில் ஒரு பந்து, குழந்தைகூட வைத்துவிடும். ஊசிமுனையை நரம்பில் நிறுத்திய விரலுக்கு இது முடியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் வைத்தாள், கையை எடுக்கும்போது விரல் தட்டி மறுபடி விழுந்து உருண்டது. போஜராஜ் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெகு கவனமாக. அவள் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்தது, கம்பி, மாடி, போர்வை, சுவர். புல்லில் அவனுடைய கான்வாஸ் ஷூ வந்து நின்றது. "தள்ளுக்கா, நான் வைக்கேன்" என்றான்.

அவன் பக்கத்தில் முட்டி போட்டான். இடது கையால் பந்தை எடுத்தான். இடது கையால் வைத்தான், அது அவனுக்குப் பழகாத கை, கரும்பலகையில் முப்பது வருஷம் எழுதியதும் பையன்களின் முதுகில் எழுதியதும் வலது கை. பந்து விழுந்தது. மறுபடி வைத்தான், குச்சி சாய்ந்தது. குச்சியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். கோட்டுப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தான். அவள் பார்த்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும். உருட்டிக்கொண்டு. இல்லாத ஒரு மாத்திரையை உருட்டிக்கொண்டு. அந்தக் கை வந்து குச்சியைப் பிடித்ததும் குச்சி ஆடியது, பந்து ஆடியது, இருவருக்கும் நடுவில் பந்து உருண்டு அவள் முட்டியில் வந்து நின்றது. "குளிருதுக்கா" என்றான் ஜெயசிங், புல்லைப் பார்த்துக்கொண்டே. நாசரேத் கோயில், வேதாகமம், அம்மா, எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றன. தொடையில் தட்டிய இடது கை. கருகிய ரொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றும் வாசம் தெரியாத மூக்கு. கம்பி. கம்பியை அவன் அவளுக்குப் போடவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு போக அவன் வரவில்லை, அவளைப் பிடித்துக்கொள்ள வந்திருக்கிறான். வாந்தி எடுத்துக்கொண்டு மலையேறி வந்து, நேரே கேட்க வாயில்லாமல், மாடி ரூம் காலியா இருக்கு, மாடி ரூம் காலியா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். ஊர் உலகத்துக்கெல்லாம் நாடி பார்த்தவளுக்குப் பக்கத்தில் நடந்து வந்த கை தெரியவில்லை! தன் கையை ஒளிக்கிற மும்முரத்தில் தெரியவில்லை. எருமைக்கு முன்னால் நின்று அவன் கேட்டானே, அதற்கு என்ன சொன்னாள், நீயே குளி என்றாள். அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தாள், வந்தது கோபம். அப்பாவைச் சுவரைப் பார்த்துப் படுக்கவைத்த அந்தச் சொல்லின் மேல், அதைத் தம்பியின் வாயில் இன்னும் மிச்சம் வைத்துவிட்டுப் போன எல்லோர் மேலும், அப்படியொரு கோபம்.

"டீ வேண்டாம்" என்றாள். "இல்லாமயா?" "இல்லாமத்தான்." எழுந்தாள். பந்தைப் புல்லின் மேலேயே காலால் தள்ளி நிறுத்தினாள். போஜராஜ் திரும்பி, "மேடம், டிரைவராலயா? தரையிலிருந்தா?" என்று பதறினார். தரையில் கிடக்கிற பந்தை டிரைவரால் அடிப்பது வாலிபத்திலேயே வம்பு. "டிரைவராலதான்" என்றாள். நின்றாள். கை ஆடியது, மட்டை ஆடியது, மட்டையின் பெரிய தலை பந்துக்குப் பின்னால் ஆமாம் ஆமாம் என்று ஆடியது. ஆடட்டும். இருவரும் பார்க்கட்டும். கூடம் கோணல்தான், யார் இல்லையென்றது, கோணல் கூடத்தில் ஆடிக் காட்டினால்தான் அது ஆட்டம். தோளை இழுத்தாள், வலித்தது, வலியோடு வீசினாள், வீச ஆரம்பித்ததும் கை அடங்கிவிட்டது. வேலை கொடுத்தால் அடங்கும். பந்து தாழப் பறந்தது. பறந்தது, பறந்தது, அக்கரையின் பச்சையைத் தொட்டுவிடும் போல இருந்தது, கரைப்பாறையில் பட்டு எகிறித் திரும்பித் தண்ணீரில் விழுந்தது. சத்தம் நன்றாகக் கேட்டது. அதே சமயம் அவளுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது, கைதட்டல். திரும்பினாள். ஜெயசிங் தொடையில் தட்டவில்லை. முட்டி போட்டபடியே, இரண்டு கையாலும், ஒன்று மற்றதைச் சரியாகச் சந்திக்காமல், தாளம் தப்பித் தப்பிக் கைதட்டிக்கொண்டிருந்தான். "தண்ணி, மேடம்" என்றார் போஜராஜ் மெதுவாக. "காது கேக்குது" என்றாள்.

தம்பியைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். எந்தக் கை எந்தக் கையை ஆட்டுகிறது என்று தெரியவில்லை. "பாளையங்கோட்டைக்கு நான் வரலலே" என்றாள். "நீ இங்க கொஞ்ச நாளு இரு. நாளைக்கு டாக்டருகிட்ட ரெண்டு பேருமாப் போவோம். சுகிர்தாகிட்ட நான் பேசுதேன்." அவன் தலையாட்டினான், சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வண்டிப் பைல இன்னொரு பந்து கெடக்கு, எடு" என்றாள். எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான், வலது கையில். உள்ளங்கையில் பந்து நிற்காமல் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் உடனே வாங்கவில்லை. "குளிருதா?" என்று கேட்டாள். அவன் கையைப் பார்த்தான்.

"இல்லக்கா. கை நடுங்குது."

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டுப் பந்தை வாங்கிப் புல்லில் போட்டாள்.